பாம்புச் செவிக்காரர்

"இதுக்குப் பேரு கிட்டாரா? இஸ்திரிப் பெட்டிக்குக் கழுத்து முளைச்ச மாதிரி இருக்கு!"

அந்தப் பெண் கிட்டாரைப் பெட்டியிலிருந்து இன்னும் முழுசாக வெளியே எடுக்கவில்லை. அதற்குள் பாம்புச் செவிக்காரர் தொடங்கிவிட்டார்.

பாம்புச் செவி என்பது கூடக் கிட்டார் வாசித்தவர்கள் அவருக்கு வைத்த பட்டம். பத்துப் பேர் சேர்ந்து வாசித்தாலும், எவனுடைய கம்பியில் சுருதி நூலளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவர் கையெழுத்தோடு நூறே நூறு எலெக்ட்ரிக் கிட்டார்கள் வெளியிடப்போவதாக அவள் வேலை பார்க்கும் கம்பெனி அறிவித்துவிட்டது. அவர் 'சரி' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவர் வீட்டுப் படியேறுவது இது மூன்றாம் முறை.

கிட்டாரின் வடிவம் அவள் வரைந்தது. கம்பெனி ஏற்றுக்கொண்ட அவளுடைய முதல் வடிவம். இன்றும் அவர் உதட்டைப் பிதுக்கினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய வடிவத்திலேயே செய்துவிடலாம் என்று மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"உட்கார்ந்து வாசிக்கும்போது மடியில வழுக்கக் கூடாதுன்னு இடுப்பைக் கொஞ்சம் உள்ள வாங்கியிருக்கேன் சார்," என்றாள், பெட்டிப் பக்கம் குனிந்தபடியே.

"என் மூஞ்சியைப் பார்த்துப் பேசு. பெரியவங்ககிட்ட முதுகைக் காட்டிப் பேசறது என்ன பழக்கம்?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சொன்னதையே மறுபடி சொன்னாள்.

"இடுப்பாம் இடுப்பு! லாரி இடிச்ச தகரக் கதவு மாதிரி இருக்கு. இந்தக் கலர் எந்த மகராசன் யோசனை?"

"என்னோடதுதான் சார். மழைக்கு முன்னாடி வானம் இருக்குமே, அந்த நீலம்."

"வானமா? எங்க வீட்டு பாத்ரூம் வாளி இதே நீலம்தான். அதை வெச்சுக்கிட்டு நாங்க யார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கலை."

பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தார். "மனசுல வெச்சுக்காதம்மா. கல்யாணம் முடிஞ்ச கையோட என் மூக்கைப் பத்தி ஒரு மணி நேரம் பேசின மனுஷன் இவர்."

"போன தடவை கொண்டுவந்ததுல ஒலி எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்?"

அவர் பதில் சொல்லவில்லை. கிட்டாரின் கழுத்தைத் தடவி, கம்பிகளின் உயரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அலட்சியத்தில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குறை சொல்லியே பேர் வாங்கின ஆள்!

மனைவி அவர் முழங்காலைத் தட்டினார். "போன தடவை ஒலி எப்படின்னு கேக்கறா. வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

"ஒலியா? மூக்கடைச்சவன் பாட்டுப் பாடின மாதிரி. அதுக்கு முந்தினது தகரத்துல ஆணி கீறின மாதிரி. எது தேவலைன்னு நீயே சொல்லு."

"அதனாலதான் சார் இந்தத் தடவை கம்பியோட அதிர்வை வாங்கற பிக்கப்போட சுருளை நானே உட்கார்ந்து சுத்தினேன். ரெண்டுக்கும் நடுவுல, தேன் மாதிரி இருக்கும். எங்க பட்டறையில எல்லாருமே…"

"உங்க பட்டறைக்காரங்களுக்குக் காது எதுக்கு இருக்கு? மூக்குக்கண்ணாடி மாட்டிக்க. இங்க கொண்டா."

அவள் ஒயரை எடுத்துக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தாள். மீதி வேலையை முடிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. கிட்டாரை மடிமேல் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டார்.

விரல்கள் கம்பிகளின் மேல் ஓடின, தாவின, ஒரு சுரத்தைப் பிடித்து வளைத்து நடுங்கவிட்டன. இந்த வயதிலும் அந்தக் கையில் ஒரு பிசகு இல்லை. அவள் நின்ற இடத்திலேயே சிலையாகிவிட்டாள். மனைவியின் ஊசி பாதித் தையலில் நின்றது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசிக் கம்பியைச் சுண்டிவிட்டு அவர் கண்ணைத் திறந்தார்.

"அடிக் கம்பி காலி டிரம்மை உருட்டற மாதிரி இருக்கு. மேல் கம்பி வெறும் ஊசி. தேனாம் தேன்! இதைக் கேட்டா காதுல ரத்தம்தான் வரும்."

பதிலுக்குப் பதில் கொடுக்கும் முடிவோடுதான் அவள் அன்று வந்திருந்தாள். இப்போது அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீங்க சொன்னா சரிதான் சார். இது வேற யாருக்கும் தெரியாது. தெரியவும் போறதில்ல."

மனைவி, கையிலிருந்த சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எதிர்த்துப் பேசாதவளை என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. கிட்டாரை அவளிடம் நீட்டினார்.

"சரி, சரி, போ. எனக்கிருக்கற காது வாங்கறவனுக்கெல்லாம் இருக்கவா போகுது? அவனுங்களுக்கு இது போதும். இதையே போடச் சொல்லு."

கேட்க வந்த சொல் கிடைத்துவிட்டது. அவள் அவரைக் கும்பிடக் கைகளைத் தூக்கினாள், சேர்க்க முடியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் பிளக், சுவரில் செருகப்படாமல் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.