பிங்சுன்னின் குதிரை வருடம்

சீனப் புது வருடம் பிறக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. பிங்சுன்னுக்குச் சோறு இறங்கவில்லை.

சீனக் கணக்கில் வருடத்துக்கு ஒரு மிருகமாகப் பன்னிரண்டு மிருகங்கள் மாறி மாறி வரும்; வரப்போவது குதிரை வருடம். அவர் பிறந்ததும் குதிரை வருடத்தில்தான். தன் மிருகத்தின் வருடம் தனக்கே ஆகாது என்பது ஹாங்காங்கில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அதிலும் அறுபது வயதில் வருகிற குதிரை, ஆளையே புரட்டிப் போட்டுவிடும். பரிகாரமாகச் சிவப்பு ஜட்டி ஒரு டஜன் வாங்கி அடுக்கியாயிற்று. ஆனாலும் மனுஷருக்குப் பயம் போகவில்லை.

சோதிடர் குவோக் சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு. போன வருடம் ‘தண்ணீர் ஆகாது’ என்றார் குவோக். பத்து நிமிடத்தில் படகில் போகவேண்டிய வேலைக்கு, வருடம் பூராவும் ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனார் பிங்சுன்.

மனைவி லாய்குவனின் கவலையே வேறு. பிங்சுன்னின் தம்பி கெய் இரண்டு ஓட்டல் நடத்தி இரண்டையும் மூடியவன். மூன்றாவது ஓட்டலுக்கு இவர்கள் வீட்டை அடமானம் வைக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு. கட்டிலைச் சுற்றி நடக்க இடமில்லாவிட்டாலும் சொந்த வீடு. அதுவும் பிங்சுன் ஒருவர் பேரில் இருந்தது. தம்பி கண்ணைக் கசக்கினால் அண்ணன் உருகிவிடுவார். அப்புறம் நடுத்தெருதான்.

ஆகவே லாய்குவன், கோயில் பக்கத்துச் சந்தில் இருந்த குவோக்கின் கடைக்குத் தனியாகப் போனாள். தடிமனான ஒரு சிவப்புக் கவரை மேஜைமேல் தள்ளினாள்.

“நாளைக்கு என் வீட்டுக்காரர் வருஷ பலன் கேக்க வருவார். வீட்டை என் பேருக்கு மாத்தினாதான் உயிர் தங்கும்னு சொல்லணும்.”

குவோக் கவரைக் கையில் தூக்கிப் பார்த்தார். “பேரைச் சொல்லிப் பலன் சொல்ற வழக்கம் இல்லியேம்மா. சந்தேகப்படுவார்ல? எல்லாம் முறைப்படி வரணும்.”

“எப்படியோ வரட்டும். அன்னிக்கே கையெழுத்துப் போடணும். யோசிக்க விட்டீங்க, தம்பியைக் கேட்டுட்டு வரேன்னு கிளம்பிடுவார்.”

“உங்க பிறந்த தேதியை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அப்படியே உங்க பலனையும் பாத்துடறேன், இனாமா.”

லாய்குவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். குவோக் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பிங்சுன் கிளம்பிப் போனார். லாய்குவன் தலை வாரி, நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்தாள். வக்கீல் ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் உடனே ஓடவேண்டுமே.

பன்னிரண்டு மணியாயிற்று. போன் வரவில்லை. இரண்டாயிற்று. போனைத் தட்டிப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது.

கெய் இதைவிடத் தடிமனான கவர் கொடுத்திருந்தால்? பாவி குவோக்! அந்த ஆந்தைக் கண்ணைப் பார்த்தபோதே நினைத்தாள். இவனைப் போலீஸில்கூடச் சொல்ல முடியாதே! சொன்னால் முதலில் இவளைத்தானே உள்ளே வைப்பார்கள்!

நாலு மணிக்குக் கதவு திறந்தது. பிங்சுன் ஒரு முழு வறுத்த வாத்தோடு நின்றார். முகத்தில் அப்படி ஒரு களை.

“லாய், பொழைச்சேன்டி! கண்டம் விலகிடுச்சு!”

“என்ன சொன்னார்?”

“வீடு என் பேர்ல இருந்தா இந்த வருஷம் நான் போய்ச் சேர்ந்துடுவேனாம். வேற பேருக்கு மாத்தணுமாம். இன்னிக்கே! யாரையும் ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாம்!”

அப்பாடா! அந்த ஆந்தைக் கண்ணனை எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டோம்! வாங்கியதற்கு வஞ்சனையில்லாமல் வேலை பார்த்திருக்கிறார். பாவம், நல்ல மனுஷர்.

“அப்ப மாத்திடுவோங்க. உங்க உயிரைவிட வீடா பெரிசு?” என்றாள் லாய்குவன், கண்ணைத் துடைத்தபடி.

“மாத்திட்டேனே! வக்கீல் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு நேரா வரேன்.”

“நான் கையெழுத்துப் போட வேண்டாமா?”

“நீ எதுக்குப் போடணும்?” பிங்சுன் வாத்தை மேஜைமேல் வைத்தார். “குதிரைக்குத் துணை ஆடுதானாம். நம்ம குடும்பத்துல ஆட்டு வருஷத்துல பொறந்த பொம்பளை பேருக்கு வீடு போகணும்னார். எனக்குத் தலை சுத்திடுச்சு. நீ குரங்கு. உன்னை விட்டா யாருன்னு யோசிச்சேன். சட்டுனு பொறி தட்டிச்சு, நம்ம தம்பி பொண்டாட்டி மான்லிங்!”

லாய்குவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆட்டு வருஷத்துப் பொண்ணு புருஷன் வீட்டை ஓட்டாண்டி ஆக்கிடுவான்னு எங்கம்மா அவ கல்யாணத்துக்கே வரல, ஞாபகம் இருக்கா? இன்னிக்கு அந்த ஆடுதான் என்னைக் காப்பாத்தியிருக்கு. கையெழுத்துப் போடறப்ப அழுதுட்டா பாவம். வாத்து கெய் வாங்கிக் கொடுத்தது. ஏய், நீ ஏன்டி இப்படி அழறே?”

அதே மாமியாருக்குப் பயந்து, பிறந்த வருடத்தை ஒன்று தள்ளிப் போட்டு, முப்பத்தைந்து வருடமாகக் காகிதத்திலும் புருஷனிடமும் குரங்காகவே வாழ்ந்துவிட்ட லாய்குவன், சோதிடரிடம் பொய் சொன்னால் பலன் பலிக்காதே என்று, தான் ஆடு என்கிற உண்மையைக் குவோக்கிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.