ஐந்தாவது ஸ்பூன்

நாற்றுப்பண்ணையில் மாங்கன்றும் புங்கங்கன்றும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருந்தன. எது எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று பார்ப்பதற்காக, ஊற்றும் தண்ணீரில் வாரம் ஒரு ஸ்பூன் உப்பைக் கூட்டினார்கள். இலை கருகி விழுந்தால் நிறுத்திவிட வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வது தொட்டிகளுக்கு நடுவே நட்டிருந்த அளவுகோலின் வேலை.

இரண்டாம் வாரமே மாங்கன்று ஓர் இலையைக் கருக்கிப் போட்டது. அதற்கு நல்ல தண்ணீர் வந்துவிட்டது. புங்கங்கன்று மட்டும் நாலாம் வாரமும் பச்சையாகவே நின்றது.

"என் தங்கமே! நாலையும் தாங்கிட்டியே, ஐந்தாவதைப் போடச் சொல்றேன்!" என்று அளவுகோல் பூரித்துப்போனது.

"இது என்ன நியாயம்?" என்று மாங்கன்று கொதித்தது. "அழுதவளுக்கு நல்ல தண்ணி, சிரிச்சவளுக்கு உப்பா? உண்மையைச் சொல்லுடி, வலிக்குதா?"

"வேரெல்லாம் எரியுது. ஆனா அளவுகோல் அண்ணன் எவ்வளவு ஆசையாச் சொல்றாரு, பாவம்."

"அவருக்கு வேரே கிடையாதுடி!"

காற்று வீசியது. மாங்கன்று தன் இன்னொரு கருகிய இலையைக் குறிபார்த்துப் பக்கத்துத் தொட்டியில் உதிர்த்தது. அளவுகோலுக்கு நீளம்தான் தெரியும், யார் இலை என்ற ஜாடை தெரியாது.

"ஐயோ, நாலு அங்குலம் கருகிடுச்சே! நிறுத்துங்க, நல்ல தண்ணி ஊத்துங்க!"

"அது உன் இலைடி," என்றது புங்கங்கன்று மெதுவாக.

"வாயை மூடிக்கிட்டுக் குடி."