காலி நாற்காலிக்கு ஒரு கும்பிடு

"எழுந்திருடா! உன் நடிப்பையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்" என்று கத்தினாள் அக்கா.

தம்பி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே கிடந்த காலி நாற்காலியைச் சுற்றி வந்து, மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினான்.

கலைக்கூடத்தில் ஒரு வாரமாக இதுதான் அவன் நிகழ்ச்சி. வீட்டில் ஒத்திகை பார்த்தபோதே, "யாரைடா கும்பிடுற?" என்று கேட்டிருந்தாள்.

"யாரையும் இல்லக்கா. கும்பிடுற உடம்பை மட்டும் காட்டுறேன். அதான் வாயை இறுக மூடிக்கிறேன். கேக்க ஆளே இல்லாதப்ப என்னத்த வேண்டுறது?"

அன்று முழுக்க அம்மா அவனோடு பேசவில்லை.

அந்த அம்மாவைத்தான் இன்று மத்தியானம் இதய அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை, "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். இனி டாக்டர் வெளியே வரும்வரை அங்கே செய்ய ஒன்றுமில்லை. அம்மா கண் விழிக்கும்போதாவது இவன் எதிரில் நிற்கட்டும் என்று, கணவனை அங்கே உட்காரவைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"காலையிலேர்ந்து எத்தனை மெசேஜ் போட்டேன்! ஒண்ணுக்காவது பதில் உண்டா? அம்மா அங்க உயிருக்குப் போராடுறாங்க. நீ இங்க நாற்காலிக்குச் சேவகம் பண்ணிக்கிட்டிருக்க!"

அவன் நிமிரவில்லை. போதாக்குறைக்கு இன்று உதடுகள் வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தன. நாலு பேர் பார்த்தால் போதும், புதிது புதிதாகச் சேர்த்துக்கொள்வான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சுற்றிப்பார்க்க வந்து அங்கே நின்றுவிட்டவர்களில் ஒருவர் கைதட்டினார். "அக்கா கேரக்டர் பிரமாதம்!"

"யோவ், நான் கேரக்டர் இல்லய்யா! நிஜமாவே இவனுக்கு அக்கா!"

அதற்கும் கைதட்டினார்கள். ஒருத்தி செல்போனில் படம் பிடித்தாள்.

சத்தம் கேட்டுக் கலைக்கூடக் காவலர் வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களாவது சொல்லுங்க. பெத்தவளுக்காக ஒரு நாள் இந்த நிகழ்ச்சியை நிறுத்தினா என்ன குறைஞ்சுபோகும்?"

காவலர் மண்டியிட்டிருந்தவனை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நிகழ்ச்சி மத்தியானமே முடிஞ்சிருச்சும்மா."