ஜன்னலோர நாற்காலி

"எட்டு வருஷமா நுண்ணோக்கிப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. இப்ப வந்து இடம் கேட்டா எப்படி மேடம்?" என்றாள் கிங்கா.

ஹலினாவுக்குச் சுருக்கென்றது. தன்னிடம் ஆராய்ச்சி படித்த பெண், இன்று இந்த உயிரியல் ஆய்வகத்தின் தலைவி. அவள் கேட்பதிலும் நியாயம் இருந்தது.

"வேற வேலைல மாட்டிக்கிட்டேன்மா."

"அங்க நீங்க சண்டை தீர்த்து வச்சதும், ஒழுகுற கூரைக்கு ஆள் பிடிச்சதும் இங்க அனுபவமாச் சேராது."

"இன்னியோட அது முடியுது. இனி நானே கேட்டாலும் தர மாட்டாங்க."

"அதுக்காக? இருக்கிறது ஒரே நாற்காலி. சின்ன வயசுப் பசங்க மூணு பேர் கேட்டு நிக்கிறாங்க."

"அவங்களுக்கு வைக்கிற சோதனையை எனக்கும் வை. சலுகையெல்லாம் வேண்டாம்" என்றாள் ஹலினா. வீராப்பாகத்தான் சொன்னாள். ஆனால் இந்த ஜன்னலோர நாற்காலி கிடைக்காவிட்டால், இனி வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

கிங்கா ஒரு கண்ணாடித் தட்டை நீட்டினாள். "விஸ்துலா நதிக்கரையில எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எடுத்துக் காயவச்ச பாசி. நேத்துதான் தண்ணி விட்டேன். இதுல இருக்கிற நீர்க்கரடிங்க, கண்ணுக்கே தெரியாத இந்தப் பூச்சிங்க, எத்தனை வருஷம் காய்ஞ்சு கிடந்தாலும் எழுந்திரிக்கும்னு வகுப்புல அடிச்சுச் சொன்னீங்களே? எங்க, உயிரோட ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்."

ஹலினா நுண்ணோக்கியில் கண் வைத்தாள். முதலில் அகப்பட்டது வெறும் கூடு. அடுத்ததும் கூடுதான். கிங்கா கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினாள்.

"செத்த நேரம் இரும்மா, அவசரப்படுத்தாதே!"

தட்டின் ஓரத்தில், குண்டாக ஒன்று. ஒரு குட்டைக் கால் மெல்ல நீண்டது. இன்னொன்றும் நீண்டது.

"அசையுது! கிங்கா, அசையுதுடி!"

கிங்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலோர நாற்காலியை இழுத்து ஹலினாவின் பக்கம் தள்ளினாள்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடணும். குடுவை கழுவுறதும் உங்க வேலைதான். லேட்டா வந்தீங்க, துணைவேந்தர்கிட்டயே புகார் போகும்!"

ஹலினா சந்தோஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தார் பல்கலைக்கழகச் சேவகர் வின்சென்ட்டி. ஒரு கையில் வெள்ளை ரோம அங்கி, மறு கையில் தங்கச் சங்கிலி.

"புகார்னா இப்பவே சொல்லிடுங்கம்மா" என்று கிங்காவிடம் சொல்லிவிட்டு, சங்கிலியை ஹலினாவின் கழுத்தில் பயபக்தியோடு மாட்டினார். "புதுசா வர்றவர் மேடையில காத்துக்கிட்டிருக்கார். இதைக் கழற்றி அவர் கழுத்துல போடுற வரைக்கும் இவங்கதானே நம்ம துணைவேந்தர்!"