திரும்பி வந்த பாட்டில்கள்

"ஒரு பாட்டில்கூடவா விக்கல?"

தட்சிணாமூர்த்தி சார் கேட்டதும் அசரியா தலையைக் குனிந்துகொண்டான். அவன் காலடியில் கிடந்த பையில் பினாயில் பாட்டில்கள் கொடுத்தது கொடுத்தபடியே இருந்தன.

தாம்பரத்தில் அந்தக் கல்லூரியில் மார்க்கெட்டிங் என்றால் தட்சிணாமூர்த்தி சார்தான். பாடத்தைப் புத்தகத்தோடு விடமாட்டார். வருஷா வருஷம் பம்மலில் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து பினாயில் வரவழைப்பார். பி.காம். பையன்கள் அதற்கு ஒரு பெயர் வைத்து, லேபிள் ஒட்டி, வீடு வீடாகப் போய் விற்றுவர வேண்டும். விற்பதற்குத் தகுந்த இன்டர்னல் மார்க்.

இதுவரை ஒரு பாட்டில்கூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் சாருக்கு ஏகப் பெருமை. ஸ்டாஃப் ரூமில் அதைக் கேட்டுக் காது புளித்துப்போகாதவர் கிடையாது. இந்த வருஷம் அந்தப் பெருமையில் மண் விழுந்துவிட்டது.

"எங்கெல்லாம் போனே?"

"ஊரப்பாக்கம் முழுக்க சுத்தினேன் சார். எங்க பக்கம் பாதி வூடு மண்தரை. சாணி மெழுகுறாங்க. அதுல பினாயில் ஊத்தி இன்னா பண்ணுவாங்க சார்?"

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"சாக்கு சொல்லாதே. முதல் நாள் என்ன சொல்லிக் குடுத்தேன்? மார்க்கெட்டிங் எங்கேர்ந்து ஆரம்பிக்குது?"

"வாங்கறவங்க தேவையிலேர்ந்து சார்."

"வாய் மட்டும் கிழியுது. செய்யத்தான் துப்பில்ல. துளசிங்கம், நீ எங்கேடா வித்தே?"

துளசிங்கம் எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டான். "சேலையூர்ல ஒரே வூட்ல மொத்தத்தையும் எடுத்துக்கினாங்க சார்."

"கேட்டியா? அதுக்குப் பேரு அப்ரோச்."

அசரியா ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாரின் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு முட்டை.

இன்டர்னலில் முட்டை என்றால் பரீட்சைக்கே உட்கார முடியாது. அப்பா யேசுதாசன் தன் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடிச் சொல்லி வைத்திருக்கும் கிளார்க் வேலை, டிகிரி இல்லாமல் கிடைக்காது.

வெளியே வந்ததும் துளசிங்கம் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நான் சொன்ன வூட்டுக்குப் போனியா இல்லியா?"

"போனேன்."

"அந்தம்மா வாங்கிக்கலியா?"

"வுடுறா."

"இன்னாடா வுடுறா? வேலை பூடும்டா. பேஜாரு புடிச்சவனா கீறியே."

அசரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போனான்.

சாயங்காலம் சார் வீட்டுக்குள் நுழையும்போதே பினாயில் நெடி மூக்கில் ஏறியது. அது தினமும் உள்ளதுதான். மனைவி சாமுண்டீஸ்வரிக்குச் சுத்தப் பைத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையிலேயே ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்று கடைசி பெஞ்சில் ஒரு கிண்டலே உண்டு.

மறுநாள் ஆபீசில் கொடுக்கவேண்டிய மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆற்றாமை தாங்காமல் மனைவியிடம் புலம்பினார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தன் வந்ததில்ல. ஊரப்பாக்கத்துலேர்ந்து வரான். ஒரு பாட்டில் விக்கத் துப்பில்ல. முட்டை போட்டுட்டேன்."

காபி டம்ளரோடு வந்த சாமுண்டீஸ்வரி நின்றுவிட்டாள்.

"ஒல்லியா, உயரமா, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டிருப்பானே, அந்தப் பையனா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவனுக்கா முட்டை போட்டீங்க?"

அவள் குரலில் இருந்த கோபம் அவருக்குப் புரியவில்லை. டம்ளரை வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டாள்.

"ஏறிப் பாருங்க."

ஏறினார். பழைய பாய்க்குப் பின்னால் பரண் நிறையப் பினாயில் பாட்டில்கள். இந்த வருஷத்தது, போன வருஷத்தது, அதற்கும் முந்தையது. ஒவ்வொன்றிலும் அவர் 'சபாஷ்' சொன்ன லேபிள்.

"விக்க முடியாத பசங்கல்லாம் நீங்க இல்லாத நேரமாப் பார்த்து இங்கதாங்க வருவாங்க. ஒருத்தனுக்கொருத்தன் சொல்லி வெச்சிருக்காங்க. வெயில்ல மூஞ்சி கறுத்து நிக்கறதைப் பார்த்தா சும்மா அனுப்ப மனசு வரல. உங்ககிட்ட சொன்னா அதுங்க மார்க் போயிடும். தேய்ச்சுத் தேய்ச்சு என் கைத்தோலே உரிஞ்சு போச்சு."

சார் மெதுவாக இறங்கி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது. கடைசியில் ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"எல்லார்கிட்டயும் வாங்கினே. அவனை மட்டும் ஏன் திருப்பி அனுப்பினே?"

"நான் எங்கங்க அனுப்பினேன்? மொத்தத்தையும் பரண்ல வெச்சிடுப்பான்னுதான் சொன்னேன். ஏறிப் பார்த்தான். அப்படியே எறங்கிட்டான். 'உங்களுக்குத் தேவையில்லம்மா. தேவையில்லாதவங்க தலையில கட்டக் கூடாதுன்னு சார் முதல் நாளே சொல்லிக் குடுத்திருக்காரு'ன்னு பையைத் தூக்கிட்டுப் போய்ட்டான்."