மண்டபம் வேண்டாம்

சொல்லாமல் கொள்ளாமல் திகனயில் றலியாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார் சாஹுல் ஹமீது. பிலிமத்தலாவையில் பித்தளைக் கடை வைத்திருப்பவர். றலியாவின் இளைய மகன் ஷிராஸுக்குத் தன் மகள் ஸக்கியாவைப் பேசி முடித்திருப்பவர்.

றலியா அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஷிராஸுக்குப் பித்தப்பையில் கல் என்றுதான் பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டிக் கட்டி. கேஸ்ட்ரைட்டிஸ் என்று நாலு மாதம் மருந்து குடித்தான். பிறகு கண்டி டொக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்துவிட்டு, கர்ப்பமா என்று பார்க்கிற இரத்தச் சோதனையையும் எழுதிக் கொடுத்தார். ஆய்வுகூடத்துப் பெண் அவன் பெயரை மூன்று தரம் வாசித்தாள். முடிவும் 'உண்டு' என்றே வந்தது.

"புள்ள பொறந்தா நீங்கதான் உம்மா வளக்கணும்" என்று ஷிராஸ் சிரித்தான்.

பிள்ளை உண்டாக்கும் உயிரணுக்கள் சில, அவன் கருவில் இருந்தபோதே வழிதவறி அங்கே தங்கிக் கட்டியாகிவிட்டன, மிக அபூர்வம், கர்ப்பச் சோதனையில் தெரிகிற ஹோர்மோனைச் சுரப்பதும் அதுதான் என்றார் டொக்டர். மருந்து ஏற்றியதில் சுருங்கிவிட்டது. மிச்சத்தை அடுத்த வாரம் வெட்டி எடுக்க வேண்டும். உயிருக்குப் பயமில்லை. பிள்ளை பிறக்குமா என்பதற்குத்தான் அவர் உறுதி தரவில்லை.

சாஹுல் ஹமீது கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நேத்து ஷிராஸ் கடைக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டார். புள்ள விஷயத்தையும்தான்."

றலியா தலையைக் குனிந்துகொண்டாள். மூத்தவனுக்குப் பேசிய பெண்ணின் வயிற்றில் ஒப்பரேஷன் தழும்பு இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே சம்பந்தத்தை முறித்தவள் அவள். அந்தப் பெண்ணின் உம்மா அழுதது இப்போதுதான் காதில் விழுந்தது.

"பெருநாளுக்குப் பொறகு கலியாணத்துக்கு எடுத்த மண்டபம் வேணாண்டு சொல்லிட்டன்" என்றார் அவர்.

றலியா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தாள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்த கைமணிக்கூட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

"உங்கள்ல குத்தமில்ல. பொம்புளப் புள்ளயப் பெத்தவங்க யோசிக்கத்தானே வேணும்."

அவர் வாங்கவில்லை.

"அத மாப்புள்ளட கையில கட்டி விடுங்க. நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு இங்கயே நிக்காஹ் எழுதுவம். ஒப்பரேஷன் முடிஞ்சா தொட்டுத் தூக்கிப் பாக்க ஆள் வேணுமே, நிக்காஹ் இல்லாம நான் எப்பிடி வாப்பா தொடுறண்டு கேக்குறா ஸக்கியா."