நாலு மணி நேர மாப்பிள்ளை வேண்டாம்

“துபாய்க்கு ஏரோப்ளேன்ல எத்தனை மணி நேரம்யா?” என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

“நாலு மணி நேரங்க,” என்றார் கல்யாணத் தரகர் தியாகேசன், ஜாதகத்தை நீட்டியபடி. “மன்னார்குடி பஸ்ஸுக்கு நின்னு போயிட்டு வர்ற நேரந்தான்.”

“அப்ப வேணாம்.”

சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கும் அதே நாலு மணி நேரம், அதே பதில். லண்டன் டாக்டர் பத்து மணி நேரத்தில் அடிபட்டுப் போனார். ஊரில் பெண் கொடுப்பவன் பையனுக்குக் குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா என்று விசாரிப்பான். இவர் விமானம் எப்போது போய்ச் சேரும் என்று மட்டும் விசாரித்தார்.

“பக்கத்துலயே குடுக்கலாமே,” என்று அழுதாள் மனைவி ஞானாம்பாள். “ஒரு தலைவலி காய்ச்சல்னா ஓடிப் போய்ப் பாக்க வேணாமா? ஒரே பொண்ணுங்க.”

“ஒரே பொண்ணுங்கறதாலதான் ஒசந்த இடமாப் பாக்குறேன்.”

சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று தியாகேசன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பாசக்காரர்தான், மறுக்க முடியாது. நில உச்சவரம்புச் சட்டம் வந்த வருஷம், தொட்டிலில் கிடந்த மகள் மங்களாம்பிகை பேருக்குக் கிழக்குவெளி வயல் முழுவதையும் எழுதிவைத்தவர். சட்டம் கொண்டுவந்த கட்சிக்கே மேடை போட்டுக் கொடுத்து மாலையும் வாங்கிக்கொண்டார். அந்த வயலை அப்பன் காலத்திலிருந்து பயிர் செய்யும் குத்தகைக்காரர் கோவிந்தராசை, அறுப்பு முடிந்ததும் வெளியேறச் சொல்லியிருந்தார். வயல் போனால் கோவிந்தராசு வீட்டில் உலை கொதிக்காது. அதைப் பற்றி இவருக்கென்ன வந்தது?

கடைசியில் சிகாகோ வந்தது. மெட்ராஸில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, ஒரு நாள் முழுக்கப் பறந்தாலும் போய்ச் சேர முடியாதாம். “இதைத்தான்யா மொதல்லயே கொண்டாந்திருக்கணும்,” என்று தரகர் கையைப் பிடித்துக்கொண்டார் வைத்தியலிங்கம்.

மங்களம் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க நீடாமங்கலம் போனாள். கோவிந்தராசும் அவர் பெண்டாட்டியும் துணைக்குப் போனார்கள். ஒரு போட்டோவுக்குப் பகல் பூராவும் ஆயிற்று.

மறுவாரம் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் கார் ஏறியதும், வைத்தியலிங்கம் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“அம்மா மங்களம், அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு கிழக்குவெளியை நீ எப்படிப் பாத்துக்குவே? மாப்பிள்ளைதான் நெனச்சா வந்து வரப்புல நிக்க முடியுமா? எம்பேருக்கு மாத்தி ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா.”

முத்திரைத்தாள் தயாராக இருந்தது. பேனாவையும் அவரே திறந்து நீட்டினார்.

மகள் அதை வாங்கி மூடி, முத்திரைத்தாள் மேல் வைத்தாள்.

“நானும் அதையேதான்ப்பா யோசிச்சேன். அதான் போன வாரமே கோவிந்தராசு அண்ணனுக்குக் கிரயம் பண்ணிக் குடுத்துட்டேன்.”